60 நொடிச் சிறை

1970-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரம். பொலராய்ட் நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் மதிய உணவுக்குக் கிளம்பினார்கள். கரோலின் ஹண்டர் வேதியியலாளர், நியூ ஆர்லியன்ஸிலிருந்து படித்து வந்தவர். கென் வில்லியம்ஸ் புகைப்படக்காரர். இருவரும் கறுப்பினத்தவர். வழியில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு மாதிரி அடையாள அட்டை ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்த படம் அவர்களுக்குத் தெரிந்த ஒரு கறுப்பின ஊழியருடையது. ஆனால் அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது தென்னாப்பிரிக்காவின் சுரங்கத் துறையின் பெயர்.

பொலராய்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் என்ன வேலை என்று இருவரும் தேடத் தொடங்கினார்கள். நூலகத்துக்குப் போய் அந்நாட்டைப் பற்றிப் படித்தார்கள். சில நாட்களில் அவர்களுக்குக் கிடைத்த பதில், அடுத்த ஏழு ஆண்டுகள் அந்த நிறுவனத்தைத் துரத்தியது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களே தங்கள் நிறுவனத்துக்கும் நிறவெறி ஆட்சிக்கும் இடையிலான தொடர்பை எதிர்த்து நடத்திய முதல் போராட்டம் என்று அது நினைவுகூரப்படுகிறது. எனினும் தென்னாப்பிரிக்க விடுதலை பற்றித் தமிழில் நாம் படிக்கும் கதைகளில் இந்த அட்டை பெரும்பாலும் வருவதில்லை.

அட்டை எதற்காக என்பதை முதலில் சொல்ல வேண்டும். அபார்தைட் ஆட்சி 1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மனிதரும் பிறப்பிலேயே ஓர் இனமாகப் பதிவு செய்யப்பட்டார். 1952-இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயர் வேடிக்கையானது: அனுமதிச் சீட்டுகளை ‘ஒழிக்கும்’ சட்டம். பழைய சீட்டுகளை எல்லாம் ஒழித்துவிட்டு, அவற்றைச் சேர்த்து ஒரே புத்தகமாக்கியது. 16 வயதைக் கடந்த ஒவ்வொரு கறுப்பின ஆணும் அதை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். பின்னர் பெண்களுக்கும் அது கட்டாயமானது. அதில் புகைப்படம் இருக்கும், இனக்குழுவின் பெயர் இருக்கும், வரி கட்டிய விவரம் இருக்கும். முதலாளி மாதந்தோறும் கையெழுத்திட வேண்டும். ஒரு மாதம் கையெழுத்து விடுபட்டால் அந்த மனிதர் நகரத்தில் இருக்கும் உரிமை போய்விடும். அனுமதி இல்லாத கறுப்பினத்தவர் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் தங்குவது குற்றம். மக்கள் அதை ‘டோம்பாஸ்’ என்றார்கள். முட்டாள் சீட்டு என்று பொருள்.

ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இந்தச் சீட்டுக் குற்றங்களுக்காகப் பிடிக்கப்பட்டார்கள். நள்ளிரவில் காவலர்கள் கதவைத் தட்டுவார்கள், தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். 1950-களில் பிடிபட்டவர்களில் பலர் நீதிமன்றத்தையே பார்க்கவில்லை. சிறைக்குப் பதிலாக வெள்ளையர் பண்ணைகளில் வேலை என்று ‘ஒப்புக்கொள்ள’ வைக்கப்பட்டு அனுப்பப்பட்டார்கள். பேத்தல் பகுதியின் உருளைக்கிழங்குப் பண்ணைகளில் அவர்கள் சாட்டையடி வாங்கிக்கொண்டு, சாக்கை உடுத்திக்கொண்டு வேலை செய்தார்கள். ‘டிரம்’ இதழின் செய்தியாளர் ஹென்றி நுக்குமாலோ 1952-இல் அந்தப் பண்ணைகளுக்கே போய் எழுதினார். இனவன்முறை என்றால் நாம் துப்பாக்கியையும் தடியையும் நினைக்கிறோம். இங்கே துப்பாக்கிக்கு முன்னால் ஒரு சிறு புத்தகம் வந்தது. யாரை அடிக்கலாம் என்பதை அது முன்கூட்டியே வரிசைப்படுத்தித் தந்தது.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் மக்கள் தங்கள் புத்தகங்களை வீட்டில் வைத்துவிட்டு, எங்களைக் கைது செய்யுங்கள் என்று காவல் நிலையத்தின் முன் கூடினார்கள். காவலர்கள் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பலருக்கு முதுகில் குண்டு பாய்ந்திருந்தது.

தமிழர்களுக்கு இந்தப் புத்தகத்தின் முன்கதை தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். டிரான்ஸ்வால் அரசு 1907-இல் ஆசியர்கள் எல்லோரும் கைரேகை பதித்துப் பதிவுச் சான்று பெற வேண்டும் என்று சட்டமாக்கியது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் 2,000-க்கும் மேற்பட்ட சான்றுகள் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன. அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்களின் எண்ணிக்கை அவர்களின் தொகைக்கு மிஞ்சியது. நாகப்பன் சிறைக் கொடுமையால் 1909-இல் இறந்தார். அடுத்த கட்டப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் போராட்டம் இந்தியர்களின் சான்றைப் பற்றியது. கறுப்பினத்தவரின் அனுமதிச் சீட்டு அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. அபார்தைட் காலத்தில் இந்திய வம்சாவளியினருக்கும் இன அட்டை உண்டு, குடியிருப்புக் கட்டுப்பாடு உண்டு. டோம்பாஸின் பாரம் முழுவதும் கறுப்பின மக்களின் சட்டைப் பையில்தான் இருந்தது. நம் தியாகிகளைச் சொல்லி அவர்களின் துயரத்துக்குப் பங்கு கேட்க முடியாது. அட்டை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதற்கு நமக்குச் சில தலைமுறை அனுபவம் உண்டு, அவ்வளவே.

பொலராய்டுக்கு வருவோம். எட்வின் லேண்ட் உருவாக்கிய அந்த நிறுவனம் 1948-இல் விற்கத் தொடங்கிய கேமரா, ஒரு நிமிடத்தில் படத்தைக் கையில் தந்தது. அதே நுட்பத்தில் பின்னர் வந்தது ‘ஐடி-2’ என்ற அடையாள அட்டைக் கருவி. கேமராவும், அட்டையை ஒட்டி உறையிடும் கருவியும் கொண்ட, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தொகுப்பு. இருட்டறை தேவையில்லை, படம் கழுவி வரக் காத்திருக்கத் தேவையில்லை. லட்சக்கணக்கானவர்களுக்கு விரைவாகப் புகைப்படம் ஒட்ட வேண்டிய ஓர் அரசுக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்காது.

1970 அக்டோபர் தொடக்கத்தில் ஹண்டரும் வில்லியம்ஸும் நிறுவனத்தின் சுவர்களில் துண்டறிக்கை ஒட்டினார்கள். பொலராய்ட் கறுப்பின மக்களை 60 நொடியில் சிறைப்படுத்துகிறது என்பது அதன் செய்தி. நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வேகத்தையே அவர்கள் குற்றச்சாட்டாக மாற்றினார்கள். ‘பொலராய்ட் புரட்சிகரத் தொழிலாளர் இயக்கம்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். கோரிக்கைகள் மூன்று: தென்னாப்பிரிக்காவிலிருந்து முழுமையாக வெளியேற வேண்டும், அபார்தைடைக் கண்டித்து நிறுவனம் வெளிப்படையாக அறிக்கை விட வேண்டும், அங்கே ஈட்டிய லாபத்தை விடுதலை இயக்கங்களுக்குத் தர வேண்டும். அக்டோபர் 7 அன்று டெக்னாலஜி ஸ்கொயரில் இருந்த அலுவலகத்தின் முன் கூட்டம் நடந்தது. மாத இறுதியில் பொலராய்ட் பொருட்களை உலகெங்கும் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள்.

நிறுவனத்தின் முதல் பதில், எங்கள் பொருள் அந்தப் புத்தகத்துக்குப் பயன்படவில்லை என்பது. பிறகு, பயன்பட்டிருக்கலாம், ஆனால் நாங்கள் நேரடியாக விற்கவில்லை, ஃபிராங்க் அண்ட் ஹிர்ஷ் என்ற உள்ளூர் விநியோகஸ்தர் விற்கிறார் என்றார்கள். அடுத்து நான்கு ஊழியர்களைத் தேர்ந்தெடுத்து, இருவர் கறுப்பினத்தவர், இருவர் வெள்ளையர், தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். 1971 ஜனவரியில் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு ‘பரிசோதனை’ செய்யப் போகிறோம் என்றது அது. அரசுக்கு விற்பதை நிறுத்துவோம், விநியோகஸ்தரிடம் வேலை செய்யும் கறுப்பினத்தவரின் கூலியையும் பயிற்சியையும் உயர்த்தச் சொல்வோம், லாபத்தில் ஒரு பகுதியைக் கறுப்பின மாணவர்களின் கல்விக்குத் தருவோம், ஆனால் வெளியேற மாட்டோம்.

இந்த விளம்பரத்தை ஏமாற்று என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதை எழுதியவர்களில் சிலர் உண்மையாகவே நல்லது நடக்கும் என்று நம்பியிருப்பார்கள். கூலி உயர்ந்த சில நூறு பேருக்கு அது உண்மையான கூலிதான். ஆனால் கேட்கப்பட்டது ‘நிறுத்து’ என்பது; கிடைத்த பதில் ‘நல்லபடியாகத் தொடர்கிறேன்’ என்பது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான அழுத்த இயக்கங்கள் கலைந்து போகின்றன. பத்திரிகைகள் நிறுவனத்தைப் பாராட்டுகின்றன, நடுநிலையாளர்களுக்கு நிம்மதி வருகிறது, இன்னும் கத்துகிறவர்கள் பிடிவாதக்காரர்களாகத் தெரிகிறார்கள். ஹண்டரும் வில்லியம்ஸும் 1971 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் அபார்தைட் எதிர்ப்புக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். அதே மாதம் ஹண்டர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வில்லியம்ஸ் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்.

நான் அடையாள மேலாண்மை மென்பொருள்களில் 15 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறேன். யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யாருக்கு எந்தத் திரை தெரியலாம் என்று விதி எழுதுவது என் பிழைப்பு. அதனால் இந்த வரலாற்றில் என்னை நிறுத்துவது அந்த விநியோகஸ்தர் என்ற சொல். எங்கள் தொழிலில் அதற்கு இணையானவை நிறைய உண்டு: துணை ஒப்பந்ததாரர், மறுவிற்பனையாளர், ‘இறுதிப் பயனர்’ என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் வரும் ஒரு வரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காகத் தரவு வடிவமைப்பு செய்தபோது, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் ‘பிறந்த நாடு’ என்ற புலம் கட்டாயம் என்று கேட்டிருந்தார்கள். நிரந்தர ஊழியர்களுக்கு அது இல்லை. கூட்டத்தில் ஒரு பெண், எதற்கு என்று கேட்டார். வாடிக்கையாளர் கேட்கிறார், அவ்வளவுதான் என்பது பதில். அவர் விடவில்லை, நோக்கத்தை எழுத்தில் தந்தால்தான் சேர்ப்போம் என்றார். இரண்டு வாரம் கழித்து, அந்தப் புலம் தேவையில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. காரணம் சொல்லப்படவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் கேள்வி கேட்டவர் மட்டுமே அமெரிக்கக் குடிமகள். மற்றவர்களில் பலர் எச்1பி விசாவில் இருந்தவர்கள். வேலை போனால் 60 நாட்களுக்குள் இன்னொரு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஹண்டரின் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் நண்பர்கள் கேட்பது இதைத்தான்: அவளுக்குப் போனது வேலை, எங்களுக்குப் போவது நாடு, நாங்கள் என்ன செய்ய முடியும்? நியாயமான கேள்வி. அதற்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அது 1977-இல் இருக்கிறது.

அந்த ஏழு ஆண்டுகளில் இயக்கம் பெரிதாக வளரவில்லை. பொலராய்ட் தொடர்ந்து விற்றது. தென்னாப்பிரிக்காவில் நிலைமை மோசமானது. 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1977 செப்டம்பர் 12 அன்று ஸ்டீவ் பிக்கோ காவலில் இறந்தார். நவம்பர் 4 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை கட்டாய ஆயுதத் தடை விதித்தது. அதே நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் விநியோகஸ்தரிடம் வேலை பார்த்த முன்னாள் ஊழியர் ஒருவர் எடுத்து வைத்திருந்த ஒரு விற்பனைச் சீட்டின் நகல் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. அரசுக்கு விற்பதில்லை என்ற வாக்குறுதியை விநியோகஸ்தர் மறைமுகமாக மீறிக்கொண்டிருந்தார். சரக்கு அரசுத் துறைகளுக்குப் போனது, பில் ஒரு மருந்துக் கடையின் பெயரில் போடப்பட்டது. ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் இதை வெளியிட்டதும், பொலராய்ட் தென்னாப்பிரிக்காவுடனான வியாபாரத்தை முழுமையாக முடித்துக்கொண்டது. அபார்தைடை முன்னிட்டு அந்நாட்டிலிருந்து வெளியேறிய முதல் பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஒன்று அது.

கேம்பிரிட்ஜில் துண்டறிக்கை ஒட்டியவர்கள் வேலையை இழந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு காகிதத்தை நகல் எடுத்தவர், கூட்டத்தில் பேசியவர் அல்லர். அவர் கையில் இருந்தது ஒரு பில். ஆனால் 1970-இல் அந்த இருவர் கத்தியிருக்காவிட்டால், 1971-இல் நிறுவனம் அந்த வாக்குறுதியைத் தந்திருக்காது. வாக்குறுதி இல்லையென்றால் அந்த பில்லுக்கு எந்த அர்த்தமும் இல்லை. சாதாரண வியாபாரக் காகிதம். அரைகுறையாகக் கிடைத்த வாக்குறுதியைப் போதாது என்று சொல்லிக்கொண்டே, அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டதுதான் அந்த இயக்கத்தின் சாமர்த்தியம். எல்லோரும் ஒரே விதமாக ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. இழக்க முடிந்தவர் வெளியே பேசினார், இழக்க முடியாதவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் தேவைப்பட்டன.

நிறுவனத்தோடு இது நிற்கவில்லை. பொலராய்ட் ஊழியர்கள் வாஷிங்டன் போய்க் கறுப்பின காங்கிரஸ் உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட், பெர்க்லி பகுதியிலிருந்து வந்த ரான் டெலம்ஸ், ஜான் கான்யர்ஸுடன் சேர்ந்து 1972-இல் தென்னாப்பிரிக்க முதலீட்டுக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதற்குத் தூண்டுதல் அந்த ஊழியர்கள் என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். தீர்மானம் எங்கும் போகவில்லை. அவர் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்.

இடையில் ‘பரிசோதனை’யின் மறுபதிப்பு ஒன்று வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பாப்டிஸ்ட் போதகர் லியோன் சல்லிவன், 1960-களில் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்காத நிறுவனங்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தை நடத்தி வென்றவர். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். 1977 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் இயங்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கான நடத்தைக் கோட்பாடுகளை அறிவித்தார். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட், ஐபிஎம் உட்பட 12 நிறுவனங்கள் முதலில் கையெழுத்திட்டன. ஒரே கேன்டீன், ஒரே கழிப்பறை, சம வேலைக்குச் சம கூலி. தொழிற்சாலையின் மதிலுக்குள் சமத்துவம்; மதிலுக்கு வெளியே அதே ஊழியரைச் சீட்டு கேட்டு நிறுத்தும் காவலர். கணினிகளும் இந்தக் கதையில் உண்டு. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரின் மக்கள்தொகைப் பதிவேடு ஐபிஎம் கணினியில் ஓடியது. கறுப்பினத்தவரின் பதிவேட்டுக்குப் பிரிட்டனின் ஐசிஎல் கணினி. 1978-இல் அமெரிக்க அரசு தென்னாப்பிரிக்க ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் விற்பதைத் தடை செய்தது. பதிவேட்டை வைத்திருந்த துறையோ உள்துறை. தடையின் வாசகத்தில் அது வரவில்லை.

அழுத்தம் மாநிலங்கள் வழியாக ஏறியது. 1977-இல் மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரி தன் தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள பங்குகளை விற்றது. 1983 தொடக்கத்தில் அதே மாநிலம், ஆளுநரின் மறுப்பை மீறி, ஓய்வூதிய நிதியை விலக்கிக்கொள்ளச் சட்டமியற்றியது. 1984 நவம்பர் 21 அன்று ராண்டல் ராபின்சன், மேரி ஃபிரான்சஸ் பெர்ரி, வால்டர் ஃபான்ட்ராய் ஆகியோர் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் உட்கார்ந்து கைதானார்கள். அதன் பிறகு நாள்தோறும் அங்கே மறியலும் கைதும் தொடர்ந்தன.

தென்னாப்பிரிக்காவுக்குள் நகர்ப்புறக் குடியிருப்புகள் கொந்தளித்தன. 1985 ஜூலை 20 அன்று அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதியில் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவின் குறுகியகாலக் கடன்களைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தது. மற்ற வங்கிகளும் பின்வாங்கின. ராண்டின் மதிப்பு சரிந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் அரசு கடன் தவணைகளை நிறுத்தி வைத்தது. ஷார்ப்வில்லுக்குப் பின் முதலீட்டாளர்கள் ஓடியபோது அந்த அரசுக்குக் கைகொடுத்த வங்கிகளில் சேஸும் ஒன்று. அதை எதிர்த்து 1965 மார்ச்சில் மாணவர்கள் வால் ஸ்ட்ரீட்டில் வங்கியின் முன் உட்கார்ந்து கைதாகியிருந்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து வங்கிக்குத் திடீரென்று மனசாட்சி வந்துவிடவில்லை. தெருவில் கலவரம், சொந்த ஊரில் நகராட்சிகள் கணக்கை எடுத்துவிடும் என்ற பயம், கடன் திரும்பாது என்ற கணக்கு. மனசாட்சியை எதிர்பார்த்துக் காத்திராமல், அந்தக் கணக்கை மாற்றியதுதான் அழுத்தம் செய்த வேலை.

1986-இல் டெலம்ஸ் 14 ஆண்டுகளாகச் சுமந்த யோசனை, அவர் கேட்டதைவிட மென்மையான வடிவத்தில், சட்டமானது. புதிய முதலீடு, வங்கிக் கடன், நிலக்கரி, யுரேனியம், எஃகு இறக்குமதி ஆகியவற்றுக்குத் தடை. அபார்தைடை நடைமுறைப்படுத்தும் துறைகளுக்குக் கணினி ஏற்றுமதியும் தடை. அதிபர் ரீகன் மறுப்பாணை போட்டார். கீழவை 313-83, செனட் 78-21 என்ற கணக்கில் அதை மீறியது. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸும் ஐபிஎம்மும் தங்கள் தென்னாப்பிரிக்கக் கிளைகளை விற்பதாக அறிவித்தன. விற்ற பிறகும் ஐபிஎம் கணினிகள் அங்கே கிடைத்தன. பெயர்ப் பலகை மாறியது, விநியோகஸ்தர் இருந்தார். 1987-இல் சல்லிவனே தன் கோட்பாடுகள் போதவில்லை என்று கைவிட்டு, நிறுவனங்கள் முழுமையாக வெளியேற வேண்டும் என்றார்.

இதற்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. நிறுவனம் வெளியேறினால் முதலில் வேலை இழப்பவர் கறுப்பினத் தொழிலாளிதான் என்றார்கள். அபார்தைடை நாடாளுமன்றத்தில் தனியாளாக எதிர்த்த ஹெலன் சுஸ்மனும், எழுத்தாளர் ஆலன் பேட்டனும் தடைகளை ஏற்கவில்லை. இருவரும் அந்த ஆட்சிக்கு வேண்டியவர்கள் அல்லர். இந்த விவாதத்தில் எனக்குத் தெளிவு தருவது, புறக்கணிப்பை முதலில் கேட்டவர்கள் யார் என்ற கேள்வி. 1959-இல் சீட்டுக் கைதிகளைப் பண்ணையில் வதைத்ததை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களே உருளைக்கிழங்கு தின்பதை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். மலிவான உணவு அது. நிறுத்தினால் பசி அவர்களுக்குத்தான். அதே ஆண்டு ஆல்பர்ட் லுத்துலி உலகத்தை நோக்கிப் புறக்கணிப்பைக் கேட்டார். பின்னர் அப்படிக் கேட்பதே அந்நாட்டில் கடும் குற்றமானது. அப்போதும் டெஸ்மண்ட் டுட்டு கேட்டார். விலை என்ன என்று அவர்களுக்குத் தெரியும், அதைக் கொடுக்க முன்வந்தவர்கள் அவர்களே. வெளியில் இருப்பவர்கள் அவர்களுக்காக இரக்கப்பட்டு அந்தக் கோரிக்கையைத் திருத்துவதில் ஓர் ஏளனம் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. சுதந்திரத்துக்கு முன்பே, 1946-இல், இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து இந்திய அரசு தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. அப்படிச் செய்த முதல் நாடு அது. விஷயத்தை ஐ.நா.வுக்கும் கொண்டுபோனது. சொந்த மக்களுக்காகத் தொடங்கிய தடை, பிறகு அபார்தைட் முழுவதற்கும் எதிரானதாக விரிந்தது. நமக்கு நடந்தால் மட்டும் கோபம் வரும் மனம், அடுத்தவருக்கு நடப்பதிலும் அதே இயந்திரத்தை அடையாளம் காணப் பழகிய பாதை அது. புலம்பெயர்ந்த தமிழர்களாகிய நாம் பல நாடுகளில் நிறுவனங்களிடமும் அரசுகளிடமும் நம் மக்களுக்காக மனுக்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களின் மனுவில் நம் கையெழுத்து எத்தனை இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

சீட்டுச் சட்டங்கள் 1986 ஜூலையில் ரத்தாயின். மக்கள் கீழ்ப்படிய மறுத்ததால் அதை நடைமுறைப்படுத்தவே முடியாமல் போயிருந்தது என்பதே முதற்காரணம். வெளி அழுத்தம் துணைக் காரணம். அந்த வரிசையை மாற்றிச் சொன்னால் ஷார்ப்வில்லில் விழுந்தவர்களுக்குத் துரோகம். துணைக் காரணத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஹண்டர் பின்னர் கேம்பிரிட்ஜ் அரசுப் பள்ளிகளில் ஆசிரியரானார். வில்லியம்ஸை மணந்துகொண்டார், அவர் 1998-இல் காலமானார். பொலராய்ட் 2001-இல் திவாலானது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. அந்த ஐடி-2 செய்த வேலையை இன்று சட்டைப் பையில் இருக்கும் கைபேசி இன்னும் வேகமாகச் செய்கிறது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் மென்பொருளுக்கு 60 நொடிகூடத் தேவையில்லை. அதை எழுதுகிறவர்களில், சோதிக்கிறவர்களில், விற்கிறவர்களில் நம்மவர்கள் ஏராளம். அலுவலகத்தின் அறிவிப்புப் பலகை இப்போது ஒரு திரையாக இருக்கலாம், திட்ட ஆவணத்தின் பின்னிணைப்பாக இருக்கலாம். மதிய உணவுக்குப் போகும் வழியில் அதில் ஒரு நிமிடம் நின்று, இது யாருக்குப் போகிறது, எதற்காக என்று கேட்பதில்தான் அந்த இருவரின் ஏழு ஆண்டுகள் தொடங்கின.